வஜ்தியின் படப்பெட்டி

தீவிலிருந்து
அக்டோபர் 11, 2014

அன்புள்ள மப்ரூக்கா அக்காவுக்கு,

தம்பி ஹஷ்மியின் ஸலாம். எனக்கு உடம்பில் ஒரு குறையும் இல்லை. உனக்கும் உன் முழங்காலுக்கும் அல்லாஹ் நல்ல சுகத்தைக் கொடுக்கட்டும்.

நாளைக்குப் படகு வருகிறது, அதனால் அவசரமாக எழுதுகிறேன். இந்தத் தடவை என்னோடு கலங்கரை விளக்கைப் பார்த்துக்கொள்ள வந்திருப்பது யார் தெரியுமா? உன் தெரு முனை ஸக்கியா மதினியின் வீட்டுக்காரர், கமாயிஸ் அண்ணன். ஜனவரி கடைசி வரைக்கும் இந்தத் தீவில் நாங்கள் இரண்டு பேர், நாலு ஆடு, ஒரு நொண்டிக் கழுதை. அவ்வளவுதான்.

அக்கா, மனுஷன் சாப்பிட மாட்டேன் என்கிறார். அவர் மகன் வஜ்தி, செப்டம்பரில் ‘ஸ்ஃபாக்ஸ்ல வேலை கிடைச்சிருக்கு’ என்று சொல்லிவிட்டுப் போனான் இல்லையா? ஸ்ஃபாக்ஸில் என்ன வேலை என்று ஊருக்கே தெரியும். இத்தாலிக்குக் கள்ளப் படகு ஏறுகிற வேலை. ஐந்து வாரமாக ஒரு போன் இல்லை. அண்ணன் பகல் முழுக்கத் தெற்குப் பாறையில் போய் நிற்கிறார். கீழே செங்குத்தாகக் கடல். பின்னாலேயே போய் “என்னண்ணே, மீன் ஏதும் தெரியுதா?” என்று கேட்டால், “உன் சோலியைப் பாத்துக்கிட்டுப் போடா” என்கிறார். எனக்குப் பயமாக இருக்கிறது. சத்தியமாகச் சொல்கிறேன், பயமாக இருக்கிறது.

வரும்போது ஒரு பெட்டியைத் தூக்கிக்கொண்டு வந்தார். வஜ்தி சந்தையில் படம் விற்ற கடையை மூடினானே, அதில் மிஞ்சிய டிவிடிகள். இருநூறுக்கு மேல் இருக்கும். “ஒண்ணையாச்சும் பாருங்க வாப்பான்னு எத்தனை வாட்டி கேட்டிருப்பான். பிளாஸ்டிக் தட்டு வித்து எவன்டா பொழச்சான்னு விரட்டி விட்டேன். இப்ப எல்லாத்தையும் பாத்துடணும் ஹஷ்மி. அவன் போன் பண்றப்ப எது நல்ல படம்னு சொல்லணும்ல?” என்கிறார்.

என் லேப்டாப் மெலிசு ரகம். வட்டு போட அதில் வாயே கிடையாது. வெளியே வைத்து வயரால் மாட்டுகிற டிவிடி டிரைவ் என்று கேட்டால் கடையில் தருவார்கள். எப்படியாவது ஒன்று வாங்கி அடுத்த படகில் அனுப்பு. ஒரு படம் ஓடுகிற இரண்டு மணி நேரமாவது அவர் பாறைப் பக்கம் போகாமல் இருப்பார்.

இன்னொன்று. உன் கடிதத்தை அவருக்குச் சத்தமாகத்தான் வாசிப்பேன். இங்கே போனுக்கு சிக்னல் கிடையாது, வருகிற காகிதம் எல்லாருக்கும் பொது, அதுதான் தீவு வழக்கம். ஸக்கியா மதினிக்கு எழுதத் தெரியாது. அவர் வீட்டுச் சேதியும் உன் கையால்தான் வர வேண்டும். ஆகையால் என் கல்யாணப் பேச்சை எடுத்து மானத்தை வாங்காதே.

உன் தம்பி,
ஹஷ்மி


பிஸெர்ட்
அக்டோபர் 25, 2014

அன்புத் தம்பி ஹஷ்மிக்கும் கமாயிஸ் அண்ணனுக்கும்,

இரண்டு பேருக்கும் என் ஸலாம். என் முழங்கால் எப்போதும் போல மழைக்கு முந்தி எனக்குச் சேதி சொல்கிறது. மற்றபடி சுகம். நீங்கள் இரண்டு பேரும் நேரத்துக்குச் சாப்பிடுகிறீர்களா? கழுதையின் கால் எப்படி இருக்கிறது? உப்புத் தண்ணீரில் கழுவி விடுங்கள்.

டிரைவ் வாங்கிவிட்டேன். பழைய துறைமுகத்துக்குப் பின்னால் இருக்கிற கம்ப்யூட்டர் கடைக்காரன், “யாருக்கு மதாம், உங்களுக்கா?” என்று சிரித்தான். “ஏன், எனக்குப் படம் பார்க்கக் கண் இல்லையா?” என்று கேட்டேன். வாயை மூடிக்கொண்டு எடுத்துக் கொடுத்தான். கம்பளிக் காலுறைக்குள் வைத்துச் சுற்றியிருக்கிறேன். காலுறையும் உனக்குத்தான், தூக்கி எறிந்துவிடாதே.

தகர டப்பாவில் இருக்கிற இனிப்பு ஸக்கியா மதினி எண்ணெயில் பொரித்த மக்ரூத். பேரீச்சம்பழத்தை அரைத்து உள்ளே வைக்கும்போதே, “அவர் ஆறுக்கு மேல திங்கக் கூடாதுன்னு எழுது” என்றாள். எழுதிவிட்டேன்.

வஜ்தியிடமிருந்து இங்கே இன்னும் போன் வரவில்லை. மதினி மாவு பிசையும்போதுகூடப் போனை இடுப்பில் செருகியிருக்கிறாள். அண்ணே, அங்கே ரேடியோவில் ஏதாவது காதில் விழுந்ததா? விழுந்தால் உடனே எழுதுங்கள்.

ஹஷ்மி, கல்யாணப் பேச்சை எடுக்காதே என்று எழுதியிருந்தாய். எடுக்கவில்லை. பெண்ணின் பெயர் தலால் என்பதை மட்டும் சொல்லி முடிக்கிறேன்.

அக்கா,
மப்ரூக்கா


தீவிலிருந்து
நவம்பர் 8, 2014

அக்காவுக்கு ஸலாம்.

நீ நன்றாக இருக்க வேண்டும். நாங்கள் இருக்கிறோம். கழுதையின் கால் தேவலை. மக்ரூத்தை அண்ணன் எண்ணி ஆறு தின்றார், பாக்கியை நான் பார்த்துக்கொண்டேன்.

டிரைவ் வேலை செய்யவில்லை. மாட்டினால் பச்சை விளக்கு எரிகிறது, உள்ளே டக், டக் என்று இரண்டு தரம் சத்தம், அப்புறம் விளக்கு அணைந்துவிடுகிறது. திரும்ப மாட்டினால் திரும்ப அதே டக், டக். ஒரே ஒரு தடவை வட்டு சுற்றியது. உடனே லேப்டாப், ‘இந்த வட்டை எதைக் கொண்டு திறக்கட்டும்?’ என்று என்னைக் கேட்கிறது. எனக்கென்ன தெரியும்?

நடந்ததைச் சொன்னால் உனக்கு வயிறு எரியும். அன்றைக்கு அண்ணன் முகம் மழித்து, வெளுத்த சட்டை போட்டு, நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். ஏதோ பெண் பார்க்க வந்தவர் மாதிரி. பெட்டியிலிருந்து ஒரு வட்டை எடுத்துச் சட்டை நுனியால் துடைத்துக் கொடுத்தார். நான் ஒரு மணி நேரம் மல்லுக்கட்டினேன். திரை கறுப்பாகவே கிடந்தது. “சரி விடு. அவன் சாமான் எனக்குக் கட்டுப்படுமா?” என்று எழுந்து போய்விட்டார். எங்கே போவார்? பாறைக்குத்தான். காற்று ஆளைத் தள்ளுகிற காற்று. கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு வந்தேன். வழியெல்லாம் திட்டினார். திட்டட்டும்.

கடைக்காரனிடம் போய்க் கேள். அக்கா, அவனை விடாதே.

ஹஷ்மி


பிஸெர்ட்
நவம்பர் 22, 2014

தம்பிக்கும் அண்ணனுக்கும் ஸலாம். உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள், வாடை தொடங்கிவிட்டது.

கடைக்காரனை நான் விடவில்லை. நீ சொன்ன டக், டக்கை அவன் முன்னால் செய்து காட்டினேன். “வயர்ல ரெண்டு தலை இருக்குமே மதாம், ரெண்டையும் மாட்டினாங்களா?” என்று கேட்டான். ஒரு தலை கொடுக்கிற கரண்ட் அந்த டிரைவுக்குப் பத்தாதாம். ஹஷ்மி, இரண்டாவது தலையை என்ன செய்தாய்? லேப்டாப்பில் அடுத்தடுத்து இரண்டு ஓட்டை இருந்தால் இரண்டிலும் மாட்டு. மவுஸைப் பிடுங்கிப் போடு.

அடுத்தது, உன் லேப்டாப்பில் படம் ஓட்டுகிற பிளேயரே கிடையாதாம். புது லேப்டாப்களில் வைப்பதில்லையாம். அதை ஒரு பென் டிரைவில் போட்டுக் கொடுத்திருக்கிறான். முதலில் அந்தப் பென் டிரைவை மாட்டி, உள்ளே இருக்கிற ஒரே பொருளை இரண்டு தட்டு தட்டு. ஏதாவது கேட்டால் சரி, சரி என்று சொல்லிக்கொண்டே போ. முடிந்ததும் பென் டிரைவைக் கழற்று. அப்புறம் டிரைவின் இரண்டு தலையையும் மாட்டு, வட்டைப் போடு, பிளேயரைத் திற. மூன்று தடவை என் கையாலேயே செய்து பார்த்துவிட்டுத்தான் எழுதுகிறேன். சாயங்காலம் வரைக்கும் அவன் கடையில் இருந்தேன், எனக்கு டீ வாங்கிக் கொடுக்க வேண்டியதாகிவிட்டது அவனுக்கு.

அண்ணே, மதினி சுகம். மக்ரூத் வைத்திருக்கிறாள். வஜ்தியிடமிருந்து எங்களுக்கு ஒன்றும் இல்லை. உங்களுக்கு ஏதாவது? ஏதோ ஒரு படகு கரை சேர்ந்தது, பையன்களை முகாமில் வைத்திருக்கிறார்கள், போன் பேச விடுவதில்லை என்று மீன் சந்தையில் சொல்கிறார்கள். அப்படித்தான் இருக்கும். கழுதையை வெயிலில் கட்டுங்கள்.

மப்ரூக்கா


தீவிலிருந்து
டிசம்பர் 6, 2014

என் அக்காவுக்கு ஆயிரம் ஸலாம்!

ஓடிவிட்டது! உன் வாயில் சர்க்கரை போட வேண்டும்.

இரண்டாவது தலை எங்கே போனது என்று கேட்டாயே, அது அண்ணன் வேலை. விளக்கு வீட்டில் தொங்கிக்கொண்டு ஒரு கயிறும் இருக்கக் கூடாது என்று முப்பது வருஷப் பழக்கம். டிரைவைப் பிரித்த அன்றைக்கே, சும்மா தொங்குகிறதே என்று அந்தத் தலையைச் சுருட்டிக் கறுப்பு டேப் போட்டு ஒட்டியிருக்கிறார். எனக்கு அது தலை என்றே தெரியவில்லை. உன் கடிதத்தை வாசித்ததும் அண்ணன் முகம் போன போக்கைப் பார்க்க வேண்டுமே! “அப்ப நாலு வாரமா நான்தான் அதோட கழுத்தைப் பிடிச்சிக்கிட்டு இருந்தேனா?” என்றார். நான் சிரித்தேன். அவரும் சிரித்தார், அக்கா. இங்கே வந்து முதல் தடவை.

ஒரு நாளைக்கு ஒரு படம். மத்தியானச் சாப்பாட்டுத் தட்டோடு உட்காருகிறார், தட்டு காலியாகிறது. பாறைக்குப் போய்ப் பன்னிரண்டு நாளாகிறது. நான் சுவரில் கோடு போட்டு வைத்திருக்கிறேன்.

இப்போது நடந்ததைக் கேள். எட்டாவதோ ஒன்பதாவதோ படம். தியேட்டரில் உட்கார்ந்து கள்ளத்தனமாகக் கேமராவில் எடுத்தது. திரை கோணல், நடுவில் ஒருவன் எழுந்து போகிறான், அவன் தலை பாதிப் படத்தை மறைக்கிறது. “இதைப் போய்க் காசு குடுத்து எவன் வாங்குவான்?” என்று அண்ணன் முனகினார். வரி வசூல்காரனை வாத்து துரத்துகிற இடம் வந்தது. தியேட்டரே சிரிக்கிறது. எல்லாச் சிரிப்புக்கும் மேலே, கேமராவுக்குப் பக்கத்திலேயே ஒரு சிரிப்பு. சிரித்து முடிக்கும்போது மூக்கால் ஒரு இழுப்பு.

அண்ணன் தட்டைக் கீழே வைத்தார். “நிறுத்து. பின்னால போ” என்றார். போனேன். “இன்னொரு வாட்டி.” மூன்றாவது தடவை என் கையைப் பிடித்துக்கொண்டார். “வஜ்திடா. இவன்தான் படம் எடுக்கக் கேமராவோட துனிஸ் தியேட்டருக்குப் போவான். என் புள்ளைடா இது. பக்கத்துல உக்காந்து சிரிக்கிறான் பாரு.”

அன்றிலிருந்து தினமும் அந்த இடம். “வரட்டும் பய. திருட்டுப் படம் எடுக்கிறவன் வாயை மூடிக்கிட்டு எடுக்க வேண்டாமான்னு கேக்கிறேன்” என்கிறார். கேட்கும்போதே அவருக்கும் அதே மூக்கிழுப்பு வருகிறது.

அக்கா, அவனிடமிருந்து ஒரு வார்த்தை வந்தால் போதும். முகாமோ ஜெயிலோ, எதுவாக இருந்தாலும் பரவாயில்லை. வந்த உடனே எழுது.

ஹஷ்மி


பிஸெர்ட்
டிசம்பர் 16, 2014
(இந்தக் கடிதம் படகில் போகவில்லை. மப்ரூக்காவின் தையல் பெட்டியில் இருந்தது.)

ஹஷ்மி, என் தம்பி,

வஜ்தி மவுத்தாகிவிட்டான்.

எழுதிவிட்டேன். இந்த ஒரு வரியை எழுத மூன்று நாளாயிற்று. சனிக்கிழமை மதினிக்குப் போன் வந்தது. இடுப்பில் வைத்திருந்தாளே, அந்தப் போன்தான். அவனோடு ஒரே படகில் போன பையன் சிசிலியிலிருந்து பேசினான். செப்டம்பரிலேயே, இரண்டாவது நாளே கவிழ்ந்திருக்கிறது. தன் கண்ணால் பார்த்ததாகச் சொல்லி அழுதான். உடல் கரை ஒதுங்கி, அங்கேயே பெயரில்லாமல் நம்பர் போட்டுப் புதைத்திருக்கிறார்கள். போன வாரம்தான் சட்டையை வைத்து அடையாளம் கண்டார்களாம். அந்தச் சட்டை மதினி வாங்கிக் கொடுத்தது.

அவள் கத்துவாள் என்று கட்டிப்பிடித்துக்கொண்டேன். அவள் கத்தவில்லை. என் வாயைத்தான் பொத்தினாள். “சத்தம் போடாதே. தெருவுக்குத் தெரிஞ்சா துறைமுகத்துக்குத் தெரியும், துறைமுகத்துக்குத் தெரிஞ்சா படகுக்காரன் வாயில அவருக்குப் போயிடும். அங்க பாறை இருக்கு, கடல் இருக்கு, தாங்கிப் பிடிக்க யாரு இருக்கா? அவர் கரைக்கு வரட்டும். என் வாயால நான் சொல்றேன்” என்றாள்.

அதனால் துக்கம் விசாரிக்க யாரும் வரவில்லை, குர்ஆன் ஓதவில்லை. காலையில் துணி துவைத்துக் காயப் போடுகிறாள். பக்கத்து வீட்டுக்காரி கேட்டால், “இன்னும் போன் வரல” என்கிறாள். பெற்றவள் சொல்கிற பொய்யா இது? ஒன்றரை மாதம் இப்படி இருந்தால் நெஞ்சு வெடித்துவிடாதா?

உனக்கு மட்டும் சொல்லலாம் என்றுதான் உட்கார்ந்தேன். ஆனால் உறையைப் பிரித்ததும் நீ அவர் முன்னால் சத்தமாக வாசிப்பாயே. வாசிக்காமல் மடித்து வைத்தாலும் அவர் உன் முகத்தைப் பார்ப்பாரே. இதை நான் எப்படி அனுப்ப?


பிஸெர்ட்
டிசம்பர் 20, 2014

அன்புத் தம்பிக்கும் அண்ணனுக்கும் ஸலாம்.

இங்கே எல்லாரும் சுகம். மதினியும் சுகம், கொஞ்சம் ஜலதோஷம், அவ்வளவுதான். டிரைவ் ஓடுவது கேட்டு எனக்கு ரொம்பச் சந்தோஷம். கடைக்காரனிடம் சொன்னேன். வட்டு திக்கினால், டிரைவுக்குள்ளே பொட்டு மாதிரி இருக்கிற கண்ணாடியை மெத்தென்ற துணியால் லேசாகத் துடைக்கச் சொன்னான். கடல் உப்பு படியுமாம். துணி வைத்திருக்கிறேன்.

கழுதையின் கால் முழுக்க ஆறிவிட்டதா? ஆடுகளுக்குக் கொட்டகை இருக்கிறதா? குளிருக்கு இரண்டு பேருக்கும் கம்பளிச் சட்டை வைத்திருக்கிறேன். நீலம் அண்ணனுக்கு. டப்பாவில் மதினியின் மக்ரூத். தலால் வீட்டார் உன்னைக் கேட்டார்கள்.

நேரத்துக்குச் சாப்பிடுங்கள். தம்பி, அண்ணனை விட்டு எங்கேயும் போகாதே.

மப்ரூக்கா


தீவிலிருந்து
ஜனவரி 10, 2015

அக்காவுக்கு ஸலாம். நலமாக இருப்பாய் என்று நம்புகிறேன். கடல் கெட்டுப்போய் மூன்று வாரமாகப் படகு இல்லை. நாளைக்கு வரும் என்று ரேடியோவில் சொன்னார்கள்.

இங்கே எதுவோ சரியில்லை. உன் கடைசிக் கடிதத்தை வாசித்துக் காட்டினேன். அண்ணன் கேட்டுக்கொண்டே இருந்தார். “முடிஞ்சுதா?” என்றார். முடிஞ்சுது என்றேன். “அந்தப் பக்கம் ஏதாச்சும் எழுதியிருக்கா பாரு” என்றார். திருப்பிக் காட்டினேன், வெற்றுக் காகிதம். டப்பாவைத் திறந்து ஒரு மக்ரூத்தைக் கடித்தார். மெதுவாக மென்றார். மூடி வைத்துவிட்டு விளக்கைத் துடைக்க மேலே போய்விட்டார்.

அன்றிலிருந்து படம் கேட்பதில்லை. அந்தச் சிரிப்பையும் கேட்பதில்லை. நானாகப் போட்டால், “வேணாம்பா, வட்டு தேஞ்சிரும்” என்கிறார். டிரைவைக் கழற்றி இரண்டு தலையையும் சேர்த்துச் சுற்றி, காலுறைக்குள் வைத்துவிட்டார். பாறைக்கும் போகவில்லை. அதுதான் எனக்கு இன்னும் பயமாக இருக்கிறது. சாப்பிடுகிறார், தொழுகிறார், கழுதைக்குப் புல் போடுகிறார். நேற்று என் கிழிந்த சட்டையைத் தைத்துக் கொடுத்தார். ஏன் இவ்வளவு நல்லவராக இருக்கிறார்?

நீ வஜ்தியைப் பற்றி ஒரு வார்த்தையும் எழுதவில்லையே, மறந்துவிட்டாயா? அவர் மனசு நொந்திருக்கும். அடுத்த கடிதத்தில் மறக்காமல் கேள்.

ஹஷ்மி


தீவிலிருந்து
ஜனவரி 10, 2015

தங்கச்சி மப்ரூக்காவுக்கு,

கமாயிஸ் எழுதுவது. அல்லாஹ்வின் சாந்தி உன் மேல் இருக்கட்டும். நான் சுகம். இது வெறும் வாய்ப்பேச்சு இல்லை, உண்மையாகவே சுகம்.

இதை உன் தம்பிக்குத் தெரியாமல் படகுக்காரரிடம் தனியாகக் கொடுக்கிறேன். என் எழுத்து கோணலாக இருக்கும். விளக்கு வீட்டுப் பதிவேட்டில் காற்றையும் மழையையும் தவிர வேறு எழுதிப் பழக்கமில்லை.

நீ நல்லவள். பொய் சொல்லத் தெரியாதவள். உன் முதல் இரண்டு கடிதத்திலும் என் மகனைக் கேட்டாய். மூன்றாவதில் கழுதையைக் கேட்டாய், ஆட்டைக் கேட்டாய், ஆட்டுக் கொட்டகையைக் கூடக் கேட்டாய். வஜ்தியைக் கேட்கவில்லை. அவன் கிடைத்திருந்தால் முதல் வரியிலேயே எழுதியிருப்பாய். கிடைக்காமல் இருந்தால் வழக்கம் போலக் கேட்டிருப்பாய். மூன்றாவதாக வேறென்ன இருக்கிறது?

மக்ரூத்தும் ஸக்கியா கை இல்லை. இருபத்தாறு வருஷமாகத் தின்கிற வாய் எனக்கு. சாவு விழுந்த வீட்டில் இனிப்புக்கு எண்ணெய்ச் சட்டி வைப்பதில்லை, அவளும் வைக்க மாட்டாள். நீ உன் வீட்டில் பொரித்து அவள் பெயரில் அனுப்பியிருக்கிறாய். குற்றமாகச் சொல்லவில்லை, தங்கச்சி. தேன் கொஞ்சம் கூடுதல், அவ்வளவுதான்.

ஹஷ்மிக்குத் தெரியாது என்பது எனக்குத் தெரியும். முகம் மாறாமல் வாசித்தான். அவனுக்கு நான் சொல்லிக்கொள்கிறேன், பயப்படாதபடி சொல்கிறேன். நான் பாறையிலிருந்து விழுந்துவிடுவேன் என்று அவன் என் பின்னாலேயே அலைந்தது எனக்குத் தெரியாதா? ஒரு நாள் அப்படியும் நினைத்தேன், அதை மறைக்கவில்லை. இப்போது நினைக்க முடியாது. நான் போய்விட்டால் ஸக்கியாவுக்கு அதையும் சேர்த்துச் சுமக்க வேண்டி வரும்.

அவள் ஏன் மறைத்தாள் என்று எனக்கு நன்றாகப் புரிகிறது. எனக்காகத்தான். வீட்டில் ஓதவிடாமல், ஒருவரையும் உள்ளே விடாமல், அழாமல், பல்லைக் கடித்துக்கொண்டு உட்கார்ந்திருப்பாள். அவளை எனக்குத் தெரியும்.

அதனால் ஒரே ஒரு உதவி கேட்கிறேன். இந்தக் கடிதம் கிடைத்த உடனே, முழங்கால் வலித்தாலும் பரவாயில்லை, அவளிடம் போ. ‘அவருக்குத் தெரிஞ்சு போச்சு, சாப்பிடுறார், தொழுறார், ஜனவரி கடைசியில வந்துடுவார்’ என்று சொல். இனிமேல் என்னை நினைத்து அடக்க வேண்டாம் என்று சொல். அவளை அழச் சொல், தங்கச்சி.

கமாயிஸ்